பத்து டாலர் கச்சேரி

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், மவுண்ட் ஆபர்ன் தெரு 47ஆம் எண்ணில் 1958இல் திறந்த காபிக்கடை 'கிளப் 47'. திறந்தது ஜாஸ் இசைக்காக. பேர் வாங்கியதோ நாட்டுப்புறப் பாட்டால்.

அதே ஆண்டு 17 வயதுப் பாடகி ஜோன் பயேஸ் கிதாரோடு இங்கே மேடையேறினார். சம்பளம் 10 டாலர். கேட்க வந்தவர்கள் பெற்றோர், தங்கை, நண்பர்கள் என எட்டே பேர்! விரைவிலேயே வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 25 டாலர். பாடியவை பெரும்பாலும் பழைய ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள். காபியோடு புத்தகம் விரித்த மாணவரைக் கண்டால் பாட்டை நடுவில் நிறுத்தி, படிக்க நூலகம் இருக்கிறது என்பார். கறார்தான்.

1959இல் பாடகர் பாப் கிப்சன் அவரை நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைக்கு அழைத்தார். 1960இல் வான்கார்ட் நிறுவனம் அவருடைய முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டது.

கிளப் 1963இல் பாமர் தெருவுக்கு மாறியது. 'பாசிம்' என்ற பெயரில் அங்கே இன்றும் கச்சேரி நடக்கிறது.