வளையத் தெரிந்த அம்பே நேரே போகும்!

கோணல் அம்பை யாரும் வில்லில் பூட்டுவதில்லை. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இம்மியளவும் வளையாத அம்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த அம்பு நாணை விட்டுப் புறப்பட்டதும் என்ன செய்கிறது தெரியுமா? பாம்பைப் போல நெளிகிறது! இடமும் வலமுமாக வளைந்து, வில்லைச் சுற்றிக் கொண்டு வெளியேறி, அதன் பிறகே நேராகிறது. அப்படி நெளியாத அம்பு குறியைத் தொடுவதில்லை.

தமிழில் 'சரம்' என்றால் அம்பு. நாணல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. முருகப் பெருமான் தோன்றிய சரவணப் பொய்கைக்கு அப்பெயர் வந்ததே நாணற் காட்டால்தான். வளைந்து கொடுப்பதற்குப் பேர் போன நாணலின் பெயரே அம்புக்கும் அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

வில்லாளியின் புதிர்

பழைய பாணி மரவில்லின் நடுவில், அம்பு வைப்பதற்கென்று வெட்டு எதுவும் கிடையாது. எனவே அம்பு கைப்பிடியின் பக்கவாட்டில்தான் அமர வேண்டும். மூன்று விரல்களால் நாணை இழுக்கும் ஐரோப்பிய முறையில், வலக்கைக்காரருக்கு அது வில்லின் இடப்புறம் அமைகிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்பின் வால் நாணோடு நடுவுக்கு வர, தலை மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. கணக்குப்படி பார்த்தால் ஒவ்வோர் அம்பும் இடப்பக்கமே போக வேண்டும். ஆனால், நல்ல அம்பு குறிக்கு நேரே போகிறது. இது எப்படி?

அமெரிக்க மருத்துவரும் வில்வித்தைப் பிரியருமான ராபர்ட் எல்மர் இதற்கு 'வில்லாளியின் புதிர்' என்று பெயர் சூட்டினார். அதை விளக்கியவர் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பௌதிக நிபுணர். பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1930-களில் அதிவேகச் சினிமாக் காமிரா கொண்டு, அம்பு புறப்படும் காட்சியைப் படம் பிடித்தார். கண்ணுக்குத் தெரியாதது படச்சுருளில் தெரிந்தது. நாண் பின்னாலிருந்து தள்ளியதும் அம்பின் நடு உடல் வளைகிறது. பிறகு மறுபக்கம் வளைகிறது. இந்த நெளிவினாலேயே அம்பின் வால் வில்லில் மோதாமல் தப்பிச் செல்கிறது.

கையின் குற்றமா, அம்பின் குற்றமா?

நெளிவு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். அதிக விறைப்பான அம்பு போதிய அளவு வளையாது. வில்லில் உரசி இடப்பக்கம் ஒதுங்கும். அதிகம் துவளும் அம்போ தேவைக்கு மேல் வளைந்து வலப்பக்கம் விலகும். ஆகவே 'நல்ல அம்பு' என்று தனியாக ஒன்று இல்லை. 60 ராத்தல் இழுவையுள்ள வில்லுக்கு உயிராக இருக்கும் அம்பு, 35 ராத்தல் வில்லில் வெறும் கம்புதான்!

இதை அறியாமல் துன்பப்படுகிறவர்கள் புதிதாகப் பயில்பவர்களே. ஒருவரிடம் வில்லும், வேறொருவரிடம் அம்புகளும் வாங்கி எய்கிறார்கள். அத்தனையும் இடப்பக்கமே விழுகின்றன. 'என் கைதான் சரியில்லை' என்று நொந்து, குறிக்கு வலப்பக்கம் பார்த்து எய்யப் பழகுகிறார்கள். தப்பான அம்புக்காகச் சரியான கையைக் கெடுத்துக் கொள்வது என்பது இதுதான். பிறகு சரியான அம்பே கிடைத்தாலும் பழகிய கை திருந்த நாளாகும்.

அளந்து பார்க்கும் முறை

விறைப்பை அளப்பது சுலபம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அவற்றின் மேல் மரத்தண்டைக் கிடத்துகிறார்கள். நடுவில் 2 ராத்தல் எடையைத் தொங்கவிட்டு, தண்டு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கிறார்கள். 26-ஐ அந்தத் தாழ்வினால் வகுத்தால் வருவது, எத்தனை ராத்தல் வில்லுக்கு அது ஏற்றது என்பதைக் காட்டும். அரை அங்குலம் தாழ்ந்தால் 52 ராத்தல், 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40 ராத்தல். இது 28 அங்குல அம்புக்கான கணக்கு. அதற்கு மேல் நீளும் ஒவ்வோர் அங்குலத்துக்கும், சுமார் 5 ராத்தல் கூடுதல் விறைப்புள்ள தண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கணக்கு வழி காட்டும். தீர்ப்பு சொல்வது வில்தான். ஒரே அளவு விறைப்புள்ள அம்புகள் சிலவற்றை எடுத்துக் கொள்கிறார்கள். அவற்றில் ஒன்றிரண்டுக்கு மட்டும் இறகு ஒட்டுவதில்லை. இறகுள்ளவற்றையும் இறகற்றவற்றையும் பத்துப் பதினைந்து கஜ தூரத்திலிருந்து ஒரே குறிக்கு எய்கிறார்கள். இறகு, அம்பின் குற்றத்தை வழியிலேயே திருத்தி மறைத்துவிடும். இறகில்லாத அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். வலக்கைக்காரர் எய்த மொட்டை அம்பு, மற்றவற்றுக்கு இடப்பக்கம் தைத்தால் விறைப்பு அதிகம். வலப்பக்கம் தைத்தால் துவளல் அதிகம். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ்.

பரிகாரமும் உண்டு. துவளும் அம்பின் முன்பக்கத்தைக் கால் அங்குலம், கால் அங்குலமாகக் குறைத்தால் விறைப்பு ஏறும். முனையின் எடையைக் குறைத்தாலும் அப்படியே. விறைத்த அம்புக்குக் கனமான முனை மாட்டினால் இளகும். ஆனால் குறைத்த மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகையால் அனுபவசாலிகள் அம்பை முதலில் நீளமாகவே வைத்துக் கொண்டு, எய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகவே குறைப்பார்கள்.

பழங்காலத்தில்

தராசும் காமிராவும் வருவதற்கு முன்பே இந்த அக்கறை இருந்தது. பிற்காலத்தில் எலிசபெத் இளவரசிக்கு ஆசிரியராக இருந்த ரோஜர் ஆஸ்கம், 1545-ல் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிர்ச், ஆஷ், ஓக் முதலிய பல மரங்களின் அம்புத் தண்டுகளை அதில் அவர் ஆராய்கிறார். அன்று அளவுகோல், தச்சனின் விரல்களே. தண்டை வளைத்துப் பார்த்து, இது இன்ன வில்லுக்கு என்று ஒதுக்குவது அனுபவத்தின் வேலை.

எச்சரிக்கை

இது வெறும் பந்தயச் சங்கதி அல்ல. வேட்டைக்குச் செல்பவரின் அகன்ற அலகுள்ள அம்பு, பொருத்தமற்றதாக இருந்தால் காற்றில் திசை மாறும். உடனே சாக வேண்டிய விலங்கு காயத்துடன் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். வில்லின் வலுவைத் தாங்காத அம்போ புறப்படும்போதே முறிந்து, வில் பிடித்த கையில் பாயக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் மரத்தண்டை மெல்ல வளைத்து, விரிசல் உண்டா என்று பார்ப்பது விவேகம். விரிசல் கண்ட அம்பை ஒட்டிச் சரிசெய்ய நினைக்கக் கூடாது; முறித்து எறிந்துவிட வேண்டும்.

வலுவான வில்லையும் விலையுயர்ந்த அம்பையும் பணம் கொடுத்தால் வாங்கிவிடலாம். இரண்டுக்கும் இடையே உள்ள பொருத்தம் கடையில் கிடைப்பதில்லை. அதை எய்து எய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். குறி தவறும்போது கையை நொந்து கொள்வதற்கு முன், அம்பையும் ஒரு கேள்வி கேட்பதே முறை.