ஜப்பான் ஜெனரேட்டர் அலோர் காஜாவில் ஓடுமா?

மாணவர்களே, ஜப்பானில் ஒரு வேடிக்கை. டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்னது ஜெர்மன் இயந்திரத்தையும் பின்னது அமெரிக்க இயந்திரத்தையும் வாங்கியதால் வந்த வினை. இன்றுவரை தீரவில்லை.

அலோர் காஜா உட்பட மலேசியா முழுவதும் 50 ஹெர்ட்ஸ்தான். ஒசாகா பக்கத்துப் பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று உங்கள் தோட்டத்துக்கு வந்தால்? அப்படியே ஓட்டினால் தண்ணீர்ப் பம்பு 1.2 மடங்கு வேகமாகச் சுழலும். அதன் சுமையோ 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறக்குறைய 1.7 மடங்கு! மோட்டார் தாங்காது.

வேகத்தைக் குறைப்பது எளிது. நிமிடச் சுற்றுகளைத் துருவ எண்ணிக்கையால் பெருக்கி, 120ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஜெனரேட்டர் 1800 சுற்று சுற்றினால் 60. 1500 என்றால் 50. போட்டுப் பாருங்கள். எஞ்சினின் ‘கவர்னர்’ என்னும் வேகக் கட்டுப்படுத்தியை மெக்கானிக் மாற்றியமைத்துவிடுவார்.

சிக்கல் வோல்டேஜில்தான். வேகம் குறையும் அதே விகிதத்தில் அதுவும் குறைய வேண்டும். பெயர்த்தகட்டில் 480 வோல்ட் என்றிருந்தால் 50 ஹெர்ட்ஸில் 400 வரும். நமது மும்முனை மின்சாரமும் 400 வோல்ட், கவலையில்லை. 440 என்றிருந்தால்? 367தான். அதை 400க்கு உயர்த்த வேண்டுமானால் காந்தப்புலத்தைக் கூட்ட வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தத்தை ஏற்காது. மேலும் திணித்தால் கம்பிச்சுருள் சூடேறி, அதன் மின்காப்பு கருகும். வாங்குவதற்கு முன்பே தகட்டைப் படிப்பவர் பிழைத்தார்.

சக்தியும் குறையும். 60 கிலோவாட் ஜெனரேட்டரிடம் இனி ஏறத்தாழ 50தான் எதிர்பார்க்கலாம். குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகத்தானே சுழல்கிறது!