வாட்ஸ்அப்பில் ஒரு வாடிக்கை

"போனை நோண்டினா உலையிலே சோறு வெந்துடுமா?" என்று என் மாமியார் என்னை அடிக்கடி கேட்பார். இன்று எங்கள் வீட்டு அரிசிச் செலவில் பாதியை அந்தப் போன்தான் கொடுக்கிறது!

நான் பள்ளிப் படிப்போடு நின்றவள். வானகரத்தில் குடியிருக்கிறோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று நான்கு வகை செய்து விற்கிறேன். கடை கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. வாட்ஸ்அப்தான் என் கடை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, 'வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய முடியாதா?' என்று யோசிக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்த கதை

2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தது. என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சிறிய பட்டறையில் வேலை. பட்டறையை மூடினார்கள்; சம்பளமும் நின்றது. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டையும் மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். காய் வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஒரு வாட்ஸ்அப் க்ரூப் ஆரம்பித்தோம். யாருக்கு எவ்வளவு வெங்காயம், எவ்வளவு தக்காளி என்று கேட்டு எழுதி, ஒரு குட்டியானை வண்டியில் மொத்தமாக வரவழைத்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. கணக்கில் ஒரு ரூபாய் இடிக்காமல் பார்த்துக்கொண்டேன். யார் வீட்டில் சர்க்கரை நோயாளி, யார் பிரசவமான பெண், யாருக்குப் பூண்டு ஆகாது எல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒருநாள், "அக்கா, தினமும் சட்னி அரைச்சு அலுத்துப் போச்சு" என்று ஒரு பெண் எழுதினாள். "நான் செய்த இட்லிப் பொடி இருக்கு, கொஞ்சம் தரட்டுமா?" என்றேன். மறுநாள் ஆறு பேர் கேட்டார்கள். வியாபாரம் அப்படித்தான் பிறந்தது. யோசித்துப் பார்த்தால், முதலில் வந்தது உறவு. விற்பனை அதன் பின்னால்தான் வந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. சென்னையைச் சேர்ந்த சண்முகப்ரியாவைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவருடைய மாமியார் வீடு வீடாகப் போய்ச் சேலை விற்றவர். மருமகள் 2014-ல் அதையே வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துப் பெரிய வியாபாரமாக வளர்த்தார். மாமியார் வாசலில் நின்று பேசியதை மருமகள் போனில் பேசினார், அவ்வளவுதான்.

எதை எப்படிச் செய்கிறேன்?

முதலில், சொந்த எண்ணையும் வியாபார எண்ணையும் பிரித்துவிட்டேன். வியாபாரத்துக்கென்றே 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. பொருளின் படம், எடை, விலை எல்லாம் அதில் வரிசையாகப் போட்டு வைக்கலாம். "பொடி என்ன விலைம்மா?" என்று பத்துப் பேர் கேட்டால் பத்து தடவை தட்டச்சு செய்ய வேண்டாம்.

ஸ்டேட்டஸில் போடும் படம் 24 மணி நேரம்தான் இருக்கும். மிளகாய் வறுக்கும்போதும், மில்லில் அரைக்கும்போதும் ஒரு படம் எடுத்துப் போடுவேன். விளம்பர வாசகத்தைவிட அந்த வாணலிதான் அதிகம் பேசுகிறது.

எல்லோரையும் கேட்காமல் க்ரூப்பில் சேர்க்காதீர்கள். க்ரூப்பில் ஒருவர் எண் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பல பெண்களுக்கு அது பிடிக்காது. அதற்கு 'பிராட்காஸ்ட்' பட்டியல் நல்லது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், அவரவருக்குத் தனித்தனியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால்தான் முதல் பாக்கெட் கொடுக்கும்போதே, "என் நம்பரைப் பதிஞ்சு வச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிடுவேன். வாரம் ஒரு தகவலுக்கு மேல் அனுப்புவதில்லை. தினமும் கதவைத் தட்டினால் யார்தான் திறப்பார்கள்?

பொடி வாங்கிய நான்காம் நாள், "எப்படி இருந்தது? காரம் சரியா?" என்று ஒரு வரி கேட்பேன். குழந்தைக்குக் காரம் ஆகவில்லை என்றால் அடுத்த முறை மிளகாயைக் குறைத்துத் தருவேன்.

இன்னொன்று. சாப்பிடும் பொருள் விற்பவர்கள், சிறிய அளவில் செய்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட்டால் வாங்குபவருக்கும் ஒரு நம்பிக்கை.

எனக்கு வந்த சோதனை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததே, அந்த வாரம். வெயில் இல்லை, கரண்டும் இல்லை. ஆர்டர் தள்ளிப் போகிறதே என்ற அவசரத்தில், ஈரம் முழுவதும் போகாத கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துப் பதினொரு பாக்கெட் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு அம்மாள் பூசணம் பூத்த பொடியைப் படமெடுத்து க்ரூப்பிலேயே போட்டுவிட்டார். "காசு கொடுத்து வாங்கினா இதுதானா லட்சணம்? சின்னக் குழந்தை சாப்பிடற வீடு!"

எனக்குக் கை நடுங்கிவிட்டது. "அம்மா, அந்த மெசேஜை அழிச்சுட்டு அவங்களை க்ரூப்பை விட்டு எடுத்துடு" என்றாள் மகள். க்ரூப் என் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு விரல் தட்டினால் போதும்.

அப்போது மாமியார்தான் சொன்னார்: "எங்க ஊர் மோர்க்காரி, மோர் புளிச்சுப் போனா தானே வந்து சொல்லிட்டு மறு செம்பு ஊத்திட்டுப் போவா. அவகிட்டே இருபது வருஷம் வாங்கினோம்."

உடனே க்ரூப்பில் எழுதினேன்: "தவறு என்னுடையது. இலை சரியாகக் காயவில்லை. அந்தப் பொடியை யாரும் சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். பதினொரு பேருக்கும் இன்றே பணம் திருப்பித் தருகிறேன்." அந்த அம்மாள் வீட்டுக்கு நேரில் போய்க் குழந்தைக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

எல்லோரும் மன்னித்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். மூன்று பேர் அதற்குப் பிறகு வாங்கவே இல்லை. ஆனால் புகார் சொன்ன அந்த அம்மாள் இன்றும் வாங்குகிறார். தன் தங்கைக்கும், தங்கையின் ஆபீஸ் தோழிகளுக்கும் என் எண்ணைக் கொடுத்தவரும் அவரே. அன்று முதல் ஒரு விதி வைத்திருக்கிறேன்: கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை அடுப்பு ஏற்றுவதில்லை, பொடி முழுவதும் ஆறும்வரை பாக்கெட் கட்டுவதில்லை.

ஜாக்கிரதை, சகோதரிகளே!

ஒருமுறை, ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் பேசினார். ஆவடிக்குப் பத்துக் கிலோ பொடி வேண்டுமாம். விலைகூடப் பேசவில்லை. "முன்பணம் அனுப்பறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க" என்றார். நல்லவேளை, கணவர் பக்கத்தில் இருந்து தடுத்தார். நினைவில் வையுங்கள்: பின் நம்பர் பணம் கொடுப்பதற்குத்தான், பணம் வாங்க அது தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டு முகவரி, குழந்தைகளின் பள்ளி, சீருடைப் படம் இவற்றைப் பொதுவில் போடாதீர்கள். வியாபாரம் பேசாமல் இரவில் வெறும் 'ஹாய்' அனுப்புகிறவர்களுக்குப் பதில் தேவையில்லை, தடுத்துவிடுங்கள்.

கணவர் மறுபடி வேலைக்குப் போகிறார். ஆனால் என் வாணலி ஓயவில்லை. மாமியாரும் இப்போதெல்லாம் உலையைப் பற்றிக் கேட்பதில்லை. சாயங்காலம் கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "இன்னிக்கு யார் யார் பேசினாங்க?" என்றுதான் கேட்கிறார்.