வரவிருப்போர் கேட்கும் கேள்வி

"அங்கு வந்தால் எமக்கு என்ன உரிமை உண்டு?" தாயகத்திலிருந்து மோர்னிங்சைட் இல்லங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இக்கேள்வி இன்றும் ஒலிக்கின்றது. முகவருக்குக் காணியை விற்றுப் பணம் கட்டுமுன் கேட்கப்பட வேண்டியதும் இதுவே.

நாமோ பெரும்பாலும் பழைய விடையையே கூறுகின்றோம். அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை ஐயத்துக்குள்ளாகும்போது, அவரை நேரில் விசாரியாமல் நிராகரித்தல் ஆகாது என 1985 ஏப்ரல் 4இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. விசாரணையில் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம். காத்திருக்கும் காலத்தில் வேலை அனுமதி கோரலாம். பிள்ளைகள் பாடசாலை செல்லலாம். இவை உண்மையே.

ஆனால், அந்த விசாரணையை எட்டும் வழி குறுகிவிட்டது. அமெரிக்கா ஊடாகத் தரைவழியே வருவோரை அங்கேயே திருப்பியனுப்பும் உடன்படிக்கை 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அப்போது அது எல்லைச் சாவடிகளுக்கே பொருந்தியது. 2023 மார்ச் 25 முதல் எல்லை முழுவதற்கும் பொருந்துகின்றது. சாவடியைத் தவிர்த்து நுழைந்து 14 நாட்களுக்குள் கோரிக்கை வைப்போரும் அதற்கு உட்படுவர்.

கனடாவில் உரிய குடிவரவு நிலையுடன் வாழும் நெருங்கிய உறவினர் உள்ளோருக்கு விலக்குண்டு. பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமன்றி, தாயின் சகோதரரும் தந்தையின் சகோதரரும் அப்பட்டியலில் அடங்குவர். எம்மவர் பலர் நம்பிப் புறப்படும் ஒன்றுவிட்ட அண்ணன் அதில் இல்லை.