பழனிச் சாலையில் பசி

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் வழக்கம் 400 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பார்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி சேர 150 கிலோமீட்டரை ஒட்டி வரும். அந்தக் காலத்தில் அண்டாவும் அரிசி மூட்டையும் மாட்டுவண்டியில் போயின. நடப்பவர் தோளில் காவடி இருந்தது, சோறு இல்லை. எங்கே எப்போது உண்பது என்பதைத் தனியாள் யாரும் முடிவு செய்ததில்லை. கூட்டம் நின்ற இடத்தில் இலை விழுந்தது.

இன்று அதே சாலையில், ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், காரைக்குடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் புறப்படுகின்றன. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிறகு திரும்பல். 80 கிலோமீட்டரை ஒட்டிய தூரம், வெயில் ஏறுமுன் வீடு. ஒவ்வொருவர் முதுகுப் பையிலும் அவரவர் தீனி. ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவதால் காற்றின் சுமையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தீனியை அப்படிப் பங்கிடுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. என் பெரியப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிள் அந்தக் காலத்தது. பள்ளத்தூர்க்காரர்களான முருகப்பா குடும்பத்தார் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய ஆலையில் செய்த வண்டி என்பதால், அதை உள்ளூர்ச் சரக்குபோலவே பேசுவார். இருபது கிலோவுக்குக் குறையாத இரும்பு. திருவிழாவுக்கு நாலைந்து பேர் சேர்ந்து போவார்கள். விடியலில் ஆளுக்கொரு செம்பு நீராகாரம், உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய தூக்குச்சட்டியில் புளிச்சோறு. ஊருணிக் கரையில் மரநிழல் கண்டால் இறங்கி, ஒரே தூக்கில் எல்லோரும் கைவைப்பார்கள். தூக்குக் காலியானதும் பேச்சும் ஓய்ந்து, அரைமணி நேரம் துண்டை விரித்துப் படுப்பார்கள். மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம்.

அந்த வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது. மெல்ல நடக்கும்போதும் மெல்ல மிதிக்கும்போதும் உடம்பு பெரும்பாலும் கொழுப்பை எரித்தே ஓடுகிறது, கொழுப்போ எவரிடமும் தீராத கையிருப்பு. காலையில் ஒரு செம்பு, நண்பகலில் ஒரு இலை என்றாலும் கால் ஓயாது. மணிக்கு 25 கிலோமீட்டர் என்று குழுவோடு இழுபடும்போது கணக்கு மாறிவிடுகிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து, கிளைக்கோஜன் என்பது, மொத்தம் 400 முதல் 500 கிராம்தான். கடுமையாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். எனக்கு ஒருமுறை திருப்பத்தூரைத் தாண்டி அப்படி ஆனது. பசி தெரியவில்லை. முன்னே போகிறவர் மேல் காரணமில்லாத கோபம் வந்தது, பிறகு கை நடுங்கியது, பிறகு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வழியில் போனவர் நீட்டிய இரண்டு வாழைப்பழம்தான் வீடு சேர்த்தது.

அதனால் இப்போது பசிக்குமுன் தின்கிறார்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலார் சொல்லும் அளவு. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனால், குளுக்கோஸும் பிரக்டோஸும் கலந்து 90 வரை போகலாம் என்கிறார்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம்போல. வாயில் பிதுக்கிக்கொள்ளும் ஜெல் பொட்டலம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஹேண்டில்பாரில் இருக்கும் கருவி இருபது நிமிடத்துக்கொருமுறை கூவுகிறது, எல்லோர் கையும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் போகிறது. யாரும் நிற்பதில்லை. ஆச்சிமார் தகர டின்னில் வைத்திருந்த மாவுருண்டை, பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் நெய்யுமாக, பையில் வைக்கத் தோதான தீனிதான். ஆனால் நெய் வயிற்றில் தங்கும், மாவு வறண்ட வாயில் ஒட்டும். வேகமாக மிதிப்பவருக்கு அது சுமை. கடலை மிட்டாயும் அப்படித்தான். நின்று தின்னத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த பண்டங்கள் அவை.

தண்ணீர்க் கதை வேறு. ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை அதட்டி வளர்த்தார்கள். இன்று மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், அதுவும் உப்புச் சேர்த்துக் குடிக்கச் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் வியர்வையில், ஆளுக்கு ஆள் மாறினாலும், சுமார் ஒரு கிராம் சோடியம் போகிறது. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து மயக்கம் வரலாம். உப்பும் சர்க்கரையும் சேர்ந்திருந்தால்தான் குடல் தண்ணீரை விரைந்து உறிஞ்சும். 1971-இல் வங்க எல்லையில், பன்கான் அகதி முகாமில், டாக்டர் திலீப் மகலனபிஸ் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது இந்த உண்மையைக் கொண்டுதான். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வகுத்த அளவு, லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். நீராகாரத்தில் உப்பும் மாவும் இருந்தன. அளவு மட்டும் அப்பத்தாவின் மூன்று விரலில் இருந்தது, ஒரு நாள்போல் மறுநாள் இருக்காது.

அந்த விரலளவை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். பெரியப்பா கூட்டத்தில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தவர்கள் உண்டு. சோடா வாங்கிக் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஏதோ காற்றுக் கருப்பு என்று பேசிக்கொண்டே கூட்டிவந்தார்கள். இன்றைய பிள்ளைகள் விழுவது குறைவு. ஐம்பது கடந்தவர்களும் அவர்களோடு மிதித்துவிட்டு, ஒன்பதரைக்குக் கடை திறக்கிறார்கள். இப்போது நிற்கும் இடம் சிங்கம்புணரித் தேநீர்க் கடை ஒன்றுதான், அதுவும் பத்து நிமிடம். ஊருணிக் கரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீரை இன்று குடிக்கச் சொல்லவும் முடியாது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன தையில் ஒரு சோதனை செய்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சிப் பழம், சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை எல்லாம் இருக்கின்றன. ஜெல் என்று விற்கும் பொருள் இதைவிட என்ன பெரிது என்று, ஒரு பிதுக்குக் குப்பியில் அடைத்துக்கொண்டு வந்தான். விடியற்குளிரில் நெய் கெட்டிப்பட்டு, எவ்வளவு அழுத்தியும் வெளியே வரவில்லை. பிள்ளையார்பட்டி தாண்டியதும் வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்தவர்களும் வேறு வழியில்லாமல் நின்றார்கள். குப்பியை உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிச் சூடேற்றி, மூடியைத் திறந்து, முதலில் பக்கத்தில் நின்றவர் கையில்தான் பிதுக்கினான். அவர் அதை நக்கிவிட்டு, கையை எதில் துடைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.