அலுமினியப் படகில் ஓட்டை விழுவது ஏன்?

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் பால் உறைய வைத்த அலுமினியத் தட்டுகள் நெடுநாள் உழைத்தன. போர்ட்டிக்சன் கடலில் இறக்கும் அலுமினியப் படகின் அடியில் மட்டும் ஊசித்துளைகள் ஏன்?

காற்றுப் பட்டதும் அலுமினியம் ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. தடிப்பு சில நானோமீட்டர்தான். கீறினால் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். கடலுப்பின் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாக உடைக்கிறது. செம்போ பித்தளையோ தொட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்: உப்புநீரில் படகே பேட்டரியாகிவிடும், கரைவது அலுமினியம். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட் ஆகாது என்பதும் இதனால்தான். மரப்படகுக்கு நல்லது இதற்கு நஞ்சு.

வீட்டில் புதுப்பிக்கிறவர்கள் முதலில் படகுக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். கசியும் ரிவிட் தானே காட்டிக்கொடுக்கும். தேய்க்க இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள்கள் பதிந்து துருப்பிடிக்கும். தேய்த்த கையோடு அலுமினியத்துக்கான பிரைமரை அடியுங்கள். தாமதித்தால் படலம் தடித்து, பெயின்ட் உரியும்.

கடைசியாக, அடியில் பலிக்கட்டி ஒன்றைப் பொருத்துங்கள். அலுமினியத்துக்கு முன்பே அது கரைந்து படகைக் காக்கும். கடலுக்குத் துத்தநாகம், ஆற்று நன்னீருக்கு மெக்னீசியம். அதன்மேல் மட்டும் பெயின்ட் பூசாதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.