"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா!" - இந்த வரி ஏன் இன்னமும் பயமுறுத்துது?

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் கிளாஸுக்குள்ள விடுவேன்."

ஸ்கூல் முடித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும், இதைப் படித்ததும் வயிற்றுக்குள் லேசா ஒரு கலக்கம் வருதா? அது உங்கள் தப்பில்லை பாஸ். நம்மில் பலருக்கு, வீட்டிலிருந்து ஒருத்தர் ஸ்கூலுக்கு வர்றார் என்றாலே பஞ்சாயத்துதான். நல்ல விஷயம் சொல்ல டீச்சர் வீட்டுக்கு போன் பண்ணியதாக எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

பெற்றோர், ஆசிரியர், ஹெச்.எம், மாணவர் என நாலு தரப்பும் பிரச்னை வரும்போது மட்டுமே பேசிக்கொண்டால், அங்கே நம்பிக்கை எப்படி வளரும்?

நம்பிக்கைக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990-களில் ஆய்வு செய்த ஆன்டனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில், கணக்கிலும் வாசிப்பிலும் நன்றாக முன்னேறும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நம்பிக்கை பலவீனமாக இருந்த பள்ளிகளில் அது ஏழில் ஒன்றுதான்.

அந்த நம்பிக்கைக்கு அவர்கள் நாலு கால்கள் சொல்கிறார்கள். நம்ம ஊர் ஸ்கூலில் வைத்துப் பார்ப்போம்.

மரியாதை: படிக்காத அம்மா பேசினாலும், டீச்சர் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்பது.

அக்கறை: மூணு நாள் வராத பையனுக்கு ஆப்சென்ட் போடுவதோடு நிறுத்தாமல், "என்னாச்சு?" என்று விசாரிப்பது.

திறமை: டீச்சர் புரியும்படி பாடம் நடத்துவது; உடைந்த பாத்ரூம் கதவை ஹெச்.எம் சீக்கிரம் சரிபண்ண வைப்பது.

நேர்மை: மீட்டிங்கில் "அடிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, கிளாஸில் ஸ்கேலைத் தூக்காமல் இருப்பது.

இதில் ஒரு கால் உடைந்தாலும் மேஜை ஆடும்.

"கண்ணை மட்டும் விட்டுடுங்க சார்!"

"கண்ணு ரெண்டை விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க சார்" என்று அந்தக் கால அப்பாக்கள் சொல்வார்கள். கேட்க நம்பிக்கை மாதிரி இருக்கும். ஆனால், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது வேறு மாதிரி கேட்கும்: "இங்க என்ன நடந்தாலும், வீட்டுல சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

உடம்பை வருத்தும் தண்டனையையும் மனதை நோகடிப்பதையும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போலீஸுக்குத் தகவல் சொல்வது பள்ளியின் கடமை என்கிறது போக்சோ சட்டம். மறைத்தால் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்குத் தண்டனை உண்டு. "ஸ்கூல் பேர் கெட்டுடும், உள்ளேயே முடிச்சுக்கலாம்" என்று ஒருமுறை மூடி மறைத்தால், அடுத்த பிள்ளை வாயே திறக்காது.

நீங்க என்ன செய்யலாம்?

* தம்பி, தங்கையின் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனால், ரேங்க்கைக் கேட்பதற்கு முன் "கிளாஸ்ல எப்படி இருக்கான்?" என்று கேளுங்கள். அவனையும் பேச விடுங்கள்.

* புகார் இருந்தால் முதலில் டீச்சரிடம், அடுத்து ஹெச்.எம்-மிடம் பேசுங்கள். எடுத்ததுமே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அவர்கள் தற்காப்புக்குத்தான் இறங்குவார்கள்.

* அரசுப் பள்ளி என்றால், பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அம்மாவை அதில் சேரச் சொல்லுங்கள்.

* பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லாத ஆபத்து என்றால், யோசிக்காமல் 1098-க்கு அழையுங்கள்.

நாளைக்கே தம்பி வந்து, "அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று தயங்கி நிற்கலாம். "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்னாச்சு, சொல்லு" என்று பக்கத்தில் உட்காருங்கள்.